பக்கத்து சீட்டுக்காரரிடம் முதல் வார்த்தை: வாசகர் கேள்வி பதில்

"பக்கத்தில் இருந்தவரிடம் பேசியிருக்கலாமே என்று பிறகு நினைத்தது எப்போது?" என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். ரயில், பஸ், பூங்கா, ரத்தப் பரிசோதனை வரிசை, கல்யாணப் பந்தி என்று பல இடங்களிலிருந்து கடிதங்கள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து எங்கள் ஆலோசகர் குழு பதில் எழுதியிருக்கிறது.

தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் தினமும் ஒரே பெட்டியில் ஏறுகிறேன். எதிரே உட்காரும் ஒருவரை ஒன்றரை வருடமாகப் பார்க்கிறேன். அவரும் என்னைப் பார்க்கிறார். ஒரு வார்த்தை பேசியதில்லை. இத்தனை நாள் கழித்துப் பேசினால் ஒரு மாதிரியாக இருக்காதா?
– வாசகர், குரோம்பேட்டை

இருக்காது. ஆரம்பிக்கிற விதத்தில் மட்டும் கவனம் வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் இப்படிப்பட்டவர்களைப் பற்றி 1972ல் ஒரு கட்டுரை எழுதினார். ரயில் நிலையத்தில் காத்திருந்த பயணிகளை அவருடைய மாணவர்கள் படம் எடுத்து, பிறகு அதே பயணிகளிடம் கொடுத்து, "இதில் யார் யாரைத் தெரியும்?" என்று கேட்டார்கள். ஒரு தடவைகூடப் பேசியிராத முகங்களைப் பெரும்பாலோர் அடையாளம் காட்டினார்கள். அந்த முகங்களைப் பற்றி அவ்வப்போது யோசிப்பதாகவும் பலர் சொன்னார்கள். ஆகவே எதிர் சீட்டுக்காரர் உங்களைப் பற்றி ஏற்கெனவே யோசித்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மில்கிராம் கவனித்த இன்னொன்றுதான் உங்களுக்கு முக்கியம். மௌனம் நாள்பட நாள்பட உடைப்பது கடினமாகிறது. ஆனால் அதே இரண்டு பேரும் வேறோர் இடத்தில் சந்தித்தாலோ, வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தாலோ, பேச்சு தானாக வந்துவிடுகிறது.

அதனால் வழக்கம் குலையும் நாளைப் பயன்படுத்துங்கள். சிக்னல் கோளாறில் வண்டி பல்லாவரத்துக்கு வெளியே நிற்கும். பிளாட்பாரத்தை மாற்றி அறிவிப்பார்கள். மழையில் ஜன்னல் ஷட்டர் இறங்காது. அந்த நேரத்தில் "சார், அனவுன்ஸ்மெண்ட்ல என்ன சொன்னாங்க, கேட்டுச்சா?" என்பது போதும். அதற்கு முன்பே மூன்று நான்கு நாள் கண் சந்திக்கும்போது லேசாகத் தலையசைத்து வையுங்கள். அவரும் தலையசைத்தால் பாதி வேலை முடிந்தது. முதல் நாள் ஒரு கேள்வி, ஒரு பதில், அதோடு விட்டுவிடுங்கள். மறுநாள் வெறும் வணக்கம் சொன்னாலே போதும். பெயர் கேட்பதெல்லாம் ஒரு வாரம் கழித்து வைத்துக்கொள்ளலாம். அவர் இறங்கும் ஸ்டேஷன் நெருங்கும்போது ஆரம்பிக்காதீர்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் நகர்கிறவருக்கு எந்தப் பேச்சும் இடைஞ்சல்தான்.

இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் தயார் செய்த வசனத்தால்தான். "உங்களை ஒன்றரை வருஷமா பார்த்துட்டிருக்கேன்" என்று ஆரம்பித்தால், 'இந்த ஆள் என்னைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறானா?' என்று அவருக்குத் திக்கென்று இருக்கும். எதிரில் இருப்பவர் பெண் என்றால், எங்கே ஏறுகிறார், எங்கே இறங்குகிறார், நேற்று ஏன் வரவில்லை என்பதையெல்லாம் தெரிந்துவைத்திருப்பதாக ஒருபோதும் காட்டாதீர்கள்.

ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். காலையில் பூங்காவுக்குப் போகிறேன். கூட்டம் கூட்டமாகப் பேசிக்கொண்டு நடக்கிறார்கள். நான் போய்ப் பேசினால் 'யார் இந்த அம்மா' என்று நினைப்பார்களோ என்று ஒதுங்கிவிடுகிறேன்.
– வாசகி, கும்பகோணம்

'அவர்களுக்குப் பிடிக்காது' என்ற ஊகத்தை நாம் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் எப்ளி, ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் அதைச் சோதித்து 2014ல் முடிவை வெளியிட்டார்கள். சிகாகோ பக்கத்து ரயில் பயணிகளில் சிலரை 'பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டு போங்கள்' என்றும், சிலரைத் தனியாக இருக்கும்படியும், மற்றவர்களை எப்போதும்போல் போகும்படியும் கேட்டுக்கொண்டார்கள். பேசிக்கொண்டு போனவர்களுக்குத்தான் பயணம் இனிமையாக இருந்தது. இதே சூழ்நிலையைக் கற்பனை செய்து சொல்லச் சொன்னபோது, தனியாக இருப்பதுதான் நன்றாக இருக்கும் என்று மற்ற பயணிகள் நேர்மாறாகச் சொன்னார்கள். தாங்கள் பேசப் போனால் பாதிப் பேருக்கும் குறைவானவர்களே முகம் கொடுப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. பேசச் சொல்லி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர்கூட முகத்தில் அடித்தாற்போல் பதில் வந்ததாகச் சொல்லவில்லை. பிறகு லண்டன் ரயில்களிலும் முடிவு இதே திசையில்தான் வந்தது.

பேசி முடித்த பிறகும் இந்தத் தப்புக்கணக்கு தொடர்கிறது. முதன்முறை பேசிப் பிரிந்த இரண்டு பேரிடமும் 'அவருக்கு உங்களை எவ்வளவு பிடித்திருக்கும்?' என்று தனித்தனியாகக் கேட்டால், இருவருமே உண்மையைவிடக் குறைத்தே சொல்கிறார்கள் என்று எரிக்கா பூத்பியும் உடன் ஆய்வாளர்களும் 2018ல் காட்டினார்கள். வீட்டுக்கு வந்து 'உளறிவிட்டோமோ' என்று தோன்றினால் அதை நம்பாதீர்கள், அம்மா.

பூங்காவில் நடக்கிறவர்களை நிறுத்திப் பேச முடியாது. நடை முடிந்து கை கால் நீட்டுகிற இடம், குடிநீர்க் குழாய், சிமெண்டு பெஞ்சு, வாசலில் அருகம்புல் சாறு விற்கும் வண்டி, இவைதான் பேசத் தோதான இடங்கள். ஒரே நேரத்துக்குப் போங்கள். பத்து நாள் பார்த்த முகம் பாதி பழகிய முகம். நிற்கும் விதத்தையும் கவனியுங்கள். இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று பேசினால் அது அவர்களுக்குள்ளான பேச்சு, போகாதீர்கள். தோள்கள் சாய்வாக, ஒரு பக்கம் திறந்திருப்பதுபோல் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடம் இருக்கிறது. முதலில் தனியாக வருகிறவர்களிடமே ஆரம்பியுங்கள். பெரிய கோஷ்டிக்குள் போவதானால், அதில் ஓரமாக நடக்கிற ஒருவரோடு முதலில் பழகி, அவர் வழியாகப் போவதுதான் சுலபம்.

என்ன கேட்பது? தினமும் வருகிறவருக்குத்தான் தெரியும் என்கிற விஷயத்தைக் கேளுங்கள். "சாயங்காலம் எத்தனை மணிக்குங்க கேட்டை மூடுவாங்க?", "யோகா கிளாஸ் எல்லா நாளும் உண்டா?" தெரிந்ததைச் சொல்லும்போது மனிதருக்கு ஒரு நிறைவு வரும். அடுத்த நாள் அவரே உங்களைத் தேடி, "மூடும் நேரத்தை மாத்திட்டாங்க, தெரியுமா?" என்பார்.

யாரை எப்படிக் கூப்பிட்டுப் பேச்சை ஆரம்பிப்பது என்பதிலேயே குழம்பி நின்றுவிடுகிறேன். 'சார்' என்றால் விலகல், 'அண்ணா' என்றால் உரிமை.
– வாசகர், ஓசூர்

உறவுமுறை சொல்லாமலே ஆரம்பிக்கலாம். "இந்த இடத்துல யாராவது வர்றாங்களாங்க?" என்பதில் இருக்கும் 'ங்க' போதுமான மரியாதை. அவர் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார் என்று கேட்டு, அதற்கு ஜோடியான சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 'தம்பி' என்றால் நீங்கள் 'அண்ணே'. அவர் 'சார்' என்றால் நீங்களும் 'சார்'. நெல்லைப் பக்கம் கடைக்காரரை 'அண்ணாச்சி' என்பது இயல்பு. அதையே கோவையில் சொன்னால் ஒட்டாது. வயதைக் கூட்டிவிடும் சொற்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. நாற்பது வயதுப் பெண்ணை 'ஆன்ட்டி' என்றோ 'அம்மா' என்றோ அழைப்பதைவிட 'அக்கா' எப்போதும் பாதுகாப்பு. 'பாட்டி' என்பதை அந்த அம்மாளே உங்களைப் 'பேராண்டி' என்ற பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஆரம்பித்துவிடுவேன். இரண்டே நிமிடத்தில் அறுந்துவிடும். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அது பேசாமல் இருந்ததைவிடக் கொடுமை.
– வாசகர், திண்டுக்கல்

பேச்சு முதல் வரியில் அறுவதில்லை, மூன்றாவது வரியில்தான் அறுகிறது. ஒட்டன்சத்திரத்திலிருந்து வருகிற டவுன் பஸ்ஸில், காலடியில் முருங்கைப் போத்துக் கட்டு (நடுவதற்காக வெட்டிய கிளைத் துண்டுகள்) வைத்திருக்கும் ஒருவர் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்.

"அண்ணே, இது முருங்கைப் போத்துதானே?"
"ஆமா தம்பி."

பலர் இங்கே "ஓ, சரிங்கண்ணே" என்று முடித்துவிடுவார்கள். இன்னும் பலர் "எந்த ஊருண்ணே?" என்று தாவுவார்கள். இரண்டும் போத்தைக் கைவிட்டுவிடுகின்றன. அவர் கையில் இருப்பதிலேயே இன்னொரு அடி உள்ளே போய்ப் பாருங்கள்.

"விதை போடாம போத்தாக் கொண்டு போறீங்களேண்ணே?"
"இது மரமுருங்கை தம்பி. செடிமுருங்கைக்குத்தான் விதை. இது எங்க அத்தை வீட்டு மரத்துல வெட்டுனது. காய் அப்படியே சதைப்பத்தா இருக்கும்."

இப்போது உங்கள் கையில் மூன்று நுனிகள் இருக்கின்றன: மரத்துக்கும் செடிக்கும் உள்ள வித்தியாசம், அத்தை வீடு, காயின் ருசி. எதைப் பிடித்தாலும் பேச்சு போகும். "அத்தை வீட்டு மரம்னா ரொம்ப நாளு மரமோ?" என்று ஒன்றைப் பிடிக்கிறீர்கள். அவர் சொல்லி முடித்ததும், அடுத்தது உங்கள் முறை. "எங்க வீட்டுல செடிமுருங்கை வச்சோம்ணே, கம்பளிப்பூச்சி தாங்கல." "அடிமரத்துல அடையா இருக்கும்போதே தீப்பந்தம் காட்டிரணும் தம்பி..." என்று அவர் திரும்பி உட்காருவார். உடம்பு உங்கள் பக்கம் திரும்பினால், பேச்சு நிலைத்துவிட்டது என்று அர்த்தம்.

அளவு இதுதான்: இரண்டு கேள்வி கேட்டால், உங்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். கேள்வியாகவே அடுக்கினால் போலீஸ் விசாரணை போலிருக்கும். உங்கள் கதையாகவே போனால் அவர் ஜன்னலைப் பார்ப்பார். சொல்லும் விஷயம் ஒரு வாக்கியத்தில் முடியட்டும். அதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தால் இன்னும் நல்லது. கம்பளிப்பூச்சியைச் சொன்னதால்தான் அவருக்கு யோசனை சொல்ல இடம் கிடைத்தது. முன்பின் தெரியாதவரிடம் 'ஏன்' என்று நேராகக் கேட்பதையும் தவிருங்கள். "ஏன் போத்து கொண்டு போறீங்க?" என்பது கணக்குக் கேட்பதுபோல் விழும். 'எப்படி', 'எவ்வளவு நாளா', 'தானே', 'போலிருக்கே' என்று முடிகிறவை இதமானவை.

நடுவில் விழும் மௌனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009ல் தான்யா ஸ்டைவர்ஸ் குழுவினர் பத்து மொழிகளின் உரையாடல்களை அளந்தார்கள். கேள்விக்கும் பதிலுக்கும் இடையே இருந்த இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அவ்வளவு வேகத்துக்குப் பழகிய காதுக்கு, இரண்டு நொடி மௌனமே நிராகரிப்புபோல் கேட்கும். ஆனால் புது ஆளிடம் பதில் சொல்பவருக்குச் சொல் தேட நேரம் வேண்டும். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அதற்குள் பெரும்பாலும் அவரே தொடர்வார். தொடராவிட்டாலும் பேருந்துப் பயணத்தில் மௌனம் தவறில்லை; அரைமணி கழித்து "கம்பளிப்பூச்சின்னு சொன்னீங்களே தம்பி" என்று அவரே எடுப்பதும் உண்டு.

காதில் இயர்போன் மாட்டியிருப்பவரிடம் பேசலாமா?
– வாசகி, வேலூர்

வழி கேட்கவும், அவருடைய பை விழுவதைச் சொல்லவும் தவிர வேண்டாம். ஒரு காதைக் கழற்றிப் பதில் சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டால், அதோடு முடிந்தது. கழற்றியதைக் கையிலேயே வைத்திருந்தால் மட்டும் இன்னொரு வரி பேசலாம்.

பஸ்ஸில் பேச ஆரம்பிப்பவர்கள் முதலில் 'எந்த ஊரு?' என்பார்கள். அடுத்து 'ஊர்ல எந்தப் பக்கம்?' அடுத்து 'அப்பா பேரு?' மூன்றாவது கேள்விக்குள் எதைத் தேடுகிறார்கள் என்று புரிந்துவிடும். இதனாலேயே யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்கிறேன்.
– வாசகர், தென்காசி

உங்கள் கோபம் நியாயமானது. நம் ஊர்ப் பேச்சில் இது ஒரு பெரிய நோய். மேலைநாட்டு ஆய்வுகளை அப்படியே இங்கே பொருத்த முடியாததற்கு இதுவே முதல் காரணம். அங்கே முன்பின் தெரியாதவரோடு பேசுவதில் உள்ள பயம், பேச ஆள் முகம் கொடுப்பாரா என்பது. இங்கே கூடவே இன்னொரு பயம், பேசினால் என்னை எந்தப் பெட்டியில் போடுவார் என்பது. தெருப் பெயர், குலதெய்வம், கோயில் கொடை யார் முறை, 'வீட்டுல சைவமா?', 'நம்மாளுங்களா?' என்று சாதியைக் கேட்காமல் கேட்பதற்கு நூறு வழி இருக்கிறது.

பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல நீங்கள். 'எந்தப் பக்கம்?' என்றால் "பஸ் ஸ்டாண்டு பக்கந்தான்" என்று சொல்லி, உடனே உங்கள் கேள்வியைப் போடுங்கள்: "இந்த பஸ் கடையநல்லூர்ல எவ்வளவு நேரம் நிப்பாட்டுவான்?" மறுபடி கிளறினால், குரலை உயர்த்தாமல், முகத்தைப் பார்த்து, "எதுக்குண்ணே கேக்குறீங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலோர் இங்கே நின்றுவிடுவார்கள். காரணத்தை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம் இருக்கும். அதற்கும் மேல் வந்தால் "அதெல்லாம் நான் பேசுறதில்லைங்க" என்று ஒரே வரி. விளக்கம் கொடுத்தால் விவாதமாகும்.

இதைவிடச் சிறந்த வழி, முதல் வார்த்தையை நீங்களே பேசிவிடுவது. முதலில் பேசுகிறவர் போடும் தடத்தில்தான் பேச்சு போகும். அவர் வாயைத் திறக்கும் முன்பே குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா, அறுப்பு ஆரம்பித்துவிட்டதா, இந்த ரோட்டு வேலை எப்போது முடியும் என்று நீங்கள் ஆரம்பித்துவிட்டால், ஆளைப் பற்றிய விசாரணைக்குப் பதில் ஊரைப் பற்றிய பேச்சாக அது ஓடும்.

பேச்சை ஆரம்பிக்கிற எல்லா வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'எந்த ஊர்' என்று கேட்டால் அந்த ஊரைப் பற்றியே பேசுங்கள். அதன் மழை, அதன் பள்ளிக்கூடம், அங்கே கிடைக்கும் பண்டம். தெரு, அப்பா பெயர், சம்பளம், 'கல்யாணம் ஆச்சா?', 'குழந்தை இல்லையா?' இவற்றைத் தொடவே வேண்டாம். குழந்தைக்காக ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடக்கும் பெண்ணிடம் அந்தக் கடைசிக் கேள்வி போய் விழுந்தால், அவர் அதற்குப் பிறகு எந்தப் பயணத்திலும் யாரிடமும் வாய் திறக்க மாட்டார்.

நான் ஒரு ஐ.டி. ஊழியர். ஆண்களிடம் சாதாரணமாக ஒரு வார்த்தை பேசினாலும் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் பேசுவதையே விட்டுவிட்டேன். எதையோ இழக்கிறேனோ?
– வாசகி, கோயம்புத்தூர்

பேசாமல் இருந்த ஒவ்வொரு முறையும் இழப்பு அல்ல. இடம் சரியில்லை என்று உங்கள் மனது சொன்னால், அது சரியான கணிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பேச ஆசை இருந்தால், தானாக முடிந்துவிடும் இடங்களைத் தேர்ந்தெடுங்கள்: பில் போடும் வரிசை, தையல் கடை, லேப்பில் காத்திருக்கும் நேரம், பெண்கள் பெட்டி. கனடாவின் வான்கூவர் நகரக் காபிக் கடையில் கில்லியன் சாண்ட்ஸ்ட்ரமும் எலிசபெத் டன்னும் நடத்திய ஆய்வு 2014ல் வெளிவந்தது. பரிமாறுபவரைப் பார்த்துச் சிரித்து, ஓரிரு வார்த்தை பேசி வாங்கியவர்கள், வேலையை மட்டும் முடித்துக்கொண்டு வந்தவர்களைவிட மகிழ்ச்சியாக உணர்ந்தார்கள். ஒரு நிமிடப் பேச்சுக்கும் பலன் உண்டு. ஆகவே அலுவலகக் கேண்டீன் அக்காவிடம் "இன்னிக்கு ரசம் நல்லாருக்குக்கா" என்பது கணக்கில் சேரும்.

பயணத்தில் யாரிடம் பேசினாலும் இறங்கும் இடம், ஹாஸ்டல் பெயர், ஷிப்ட் நேரம், செல் நம்பர் ஆகிய நான்கும் வெளியே வரக்கூடாது. தொல்லை என்றால் எழுந்து இன்னொரு பெண்ணின் பக்கத்தில் போய் நில்லுங்கள்; "இவர் தொந்தரவு பண்றாருக்கா" என்று உரக்கச் சொல்லுங்கள். ரயிலில் 139, மற்ற இடங்களில் பெண்கள் உதவி எண் 181.

இதைப் படிக்கும் ஆண்களுக்கு: ஒற்றை வார்த்தைப் பதில் இரண்டு முறை வந்தால் நிறுத்திவிடுங்கள். ஆளில்லாத பஸ் ஸ்டாப்பில் ராத்திரி பேச்சுக் கொடுக்காதீர்கள். அவர் எழுந்து போகும் வழியை மறித்து உட்காராதீர்கள். உடை, முகம், சிரிப்பு பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அவர் சிரித்துப் பேசினால், அது சிரித்துப் பேசியது மட்டும்தான்.

வைகை எக்ஸ்பிரஸில் ஒருமுறை பேச்சுக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எழும்பூரிலிருந்து மதுரை வரை அந்த ஐயா நிறுத்தவே இல்லை. அதிலிருந்து யாரிடமும் வாய் திறப்பதில்லை.
– வாசகர், மதுரை

முடிக்கத் தெரியாததால் ஆரம்பிக்காமல் விடுகிறவர்கள் ஏராளம். ஆடம் மாஸ்ட்ரயானி குழுவின் 2021 ஆய்வில், இருவருமே விரும்பிய நேரத்தில் முடிந்த உரையாடல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இருவரும் தத்தம் விருப்பத்தை மரியாதைக்காக மறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஐயாவும் நீங்கள் விரும்பிக் கேட்பதாக நினைத்துத்தான் பேசியிருப்பார்.

நீங்கள் செய்திருக்கக்கூடிய தவறு 'உம்' கொட்டியது. போனைப் பார்த்துக்கொண்டே "ம்ம்... ம்ம்" என்றால் பிறருக்கு அது 'மேலே சொல்லுங்கள்' என்றுதான் கேட்கும். ஆரம்பத்திலேயே எல்லை சொல்லிவிடுங்கள்: "விழுப்புரம் வரைக்கும் பேசிட்டு வரலாம்யா, அப்புறம் ஆபீஸ் வேலை கொஞ்சம் பாக்கணும்." முடிக்கும்போது அவர் சொன்னதில் ஒன்றை எடுத்துச் சொல்லி, காரணம் சொல்லி, சின்ன உதவி ஒன்று கேட்டு முடியுங்கள். "உங்க பேத்தி பரதம் ஆடுறதைச் சொன்னீங்களே, சந்தோஷமா இருந்துச்சு. கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேன். திண்டுக்கல் வந்தா எழுப்பிவிடுறீங்களா?" அவர் மனம் நோகாது, உங்களைக் காவல் காத்துக்கொண்டு வருவார். இரவு ரயிலாக இருந்தால் கவலையே இல்லை. ரிசர்வேஷன் பெட்டியில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை படுக்கும் நேரம் என்பது ரயில்வே விதி. பத்து மணி ஆனதும் "மிடில் பெர்த்தைப் போட்டுக்கலாமா?" என்றால் பேச்சு தானாக முடியும்.

ரயிலில் பேசிப் பழகியவர் பிஸ்கட் நீட்டினால்?
– வாசகர், விருத்தாசலம்

வாங்கிச் சாப்பிடாதீர்கள். மயக்க மருந்து கலந்து கொடுத்துத் திருடுவது நடக்கிறது. ரயில்வேயும் இதை எச்சரிக்கிறது. "சுகர் இருக்குங்க", "இன்னிக்கு விரதம்" என்று பொய் சொல்லத் தேவையில்லை. "இப்பத்தான் சாப்பிட்டேங்க, நீங்க சாப்பிடுங்க" போதும். இதே காரணத்தால் நீங்களும் பக்கத்துக் குழந்தைக்கு மிட்டாய் நீட்டாதீர்கள், அம்மாவிடம் பேசுங்கள்.

கடையில் 'சில்லறை இருக்கா?' என்று கேட்கவே நெஞ்சு படபடக்கிறது. வகுப்பில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசி நான்கு மாதம் ஆகிறது. நான் கூச்ச சுபாவமா, நோயாளியா?
– கல்லூரி மாணவர், சேலம்

கூச்சம் பேச்சைத் தாமதப்படுத்தும், ஆனால் வாழ்க்கையை நிறுத்தாது. இந்தப் பயம் ஆறு மாதத்துக்கு மேலாக நீடித்து, அதனால் வகுப்பு, பரீட்சை, சாப்பாட்டுக் கூடம் என்று ஒவ்வொன்றாகத் தவிர்க்கிறீர்கள் என்றால், அது சமூகப் பதற்றமாக இருக்கலாம். நல்ல சிகிச்சை உண்டு. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசுங்கள், கட்டணம் இல்லை.

அதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய பயிற்சி இது. முதல் படி, பஸ்ஸில் இறங்கும்போது கண்டக்டருக்கு நன்றி சொல்வது. இரண்டாவது, யாரிடமாவது மணி கேட்பது. மூன்றாவது, கடையில் ஒரு பொருளின் விலை கேட்டு, வாங்காமல் வருவது. நான்காவது, வகுப்பில் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு குறிப்பு கேட்பது. ஒவ்வொரு படியையும் வெவ்வேறு நாளில் நான்கைந்து முறை செய்து, படபடப்பு பாதியாகக் குறைந்த பிறகே அடுத்த படி. ஒரே நாளில் நான்காவது படிக்குத் தாவினால், பயந்து ஓடி வந்த அனுபவம் மட்டும் மிஞ்சும், பயம் கூடும்.

பயத்தை உள்ளே பிடித்து வைத்திருப்பது சில பழக்கங்கள்: போனைக் கையில் கேடயம்போல் வைத்திருப்பது, வாக்கியத்தைப் பத்து முறை ஒத்திகை பார்ப்பது, வாய்க்குள்ளேயே பேசுவது. ஒவ்வொன்றாக விடுங்கள். பேசும்போது 'என் குரல் நடுங்குகிறதா?' என்று உள்ளே பார்க்காமல் வெளியே பாருங்கள்: கடைக்காரரின் சட்டை நிறம், தராசு, பின்னால் மாட்டியிருக்கும் காலண்டரில் என்ன படம். கவனம் அங்கே போனால் நடுக்கத்துக்குத் தீனி குறையும். மற்றவர்கள் நம்மையே பார்க்கிறார்கள் என்பதும் மிகை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குச் சங்கடமான படம் போட்ட டி-சர்ட்டை மாட்டி ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். தாமஸ் கிலோவிச் குழுவின் இந்த ஆய்வு 2000ல் வெளியானது.

தினமும் ஒருவரிடமாவது பேச வேண்டும் என்று ஒரு வாரம் பயிற்சி செய்தவர்களுக்கு, நிராகரிப்பைப் பற்றிய பயம் குறைந்து, தன்னால் பேச முடியும் என்ற நம்பிக்கை கூடியதை சாண்ட்ஸ்ட்ரம் 2022ல் காட்டினார். ஒரு முறை நன்றாகப் பேசியதால் இந்த மாற்றம் வராது. திரும்பத் திரும்பச் செய்தால்தான் வரும்.

ரயிலில் பக்கத்தில் இருந்த ஒருவர் இயற்கை விவசாயத்தைப் பற்றி அவ்வளவு அருமையாகப் பேசினார். நம்பர் வாங்கத் தயங்கி, இறங்கிப் போகவிட்டுவிட்டேன். மூன்று வருடமாக உறுத்துகிறது.
– வாசகர், மன்னார்குடி

செய்த தவறைவிடச் செய்யாமல் விட்டதுதான் நாளாக ஆக அதிகம் உறுத்தும் என்று கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் 1990களிலேயே எழுதினார்கள். அதனால் இந்த உறுத்தல் இயல்பு. அவரைத் தேடிப் பிடிக்க ஃபேஸ்புக்கில் படம் போடுவதெல்லாம் வேண்டாம். அவருக்கு அது சங்கடம். அவர் சொன்ன ஊரும் பயிரும் நினைவிருந்தால், அந்தப் பகுதி இயற்கை வேளாண் சந்தைக்கு ஒருமுறை போய் வாருங்கள்.

அடுத்த முறைக்கு: அவர் இறங்குவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே கேட்டுவிடுங்கள். வண்டி நின்ற பிறகு கேட்டால் பெட்டியை எடுப்பாரா, நம்பர் சொல்வாரா? அவருடைய நம்பரைக் கேட்பதைவிட உங்களுடையதைக் கொடுப்பதே மரியாதை. அழைப்பதும் விடுவதும் அவர் விருப்பம். காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "நீங்க சொன்ன பஞ்சகவ்யா அளவுல சந்தேகம் வந்தா கேக்கணும்யா, என் நம்பரைக் குறிச்சுக்கிறீங்களா?" வயதானவரானால் துண்டுச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள், பெயரோடு 'மன்னை எக்ஸ்பிரஸ்' என்றும் எழுதினால்தான் ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது யார் என்று தெரியும். அவரே நம்பரைக் கொடுத்தால் இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு செய்தி அனுப்புங்கள்: யார் என்று ஒரு வரி, அவர் சொன்னதில் எதைச் செய்து பார்த்தீர்கள் என்று ஒரு வரி. வெறும் 'குட் மார்னிங்' படம் அனுப்பாதீர்கள். பதில் வராவிட்டால் இரண்டாவது செய்தி வேண்டாம்.